பத்து விரல் வித்தை

“மனித நாகரிகத்தைத் தூக்கி நிறுத்தினது இந்தப் பத்து விரலும்தான்” என்று தில்லைநாதன் சபைக்கு அறிவித்தபோது, அந்தப் பத்தும் ஓர் எனாமல் பேசினுக்குள் வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தன. மடத்துவெளிச் சனசமூக நிலையத்தில் கூடியிருந்த சனம் அபிஷேகம் பார்ப்பது மாதிரி வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

“அவிஞ்சு போகப்போகுது மாஸ்டர், எடுங்கோ” என்றார் நிலையத் தலைவர் அப்புத்துரை.

போட்டி இதுதான். ஒரு மேசையில் தட்டச்சுப் பொறியோடு யோகம்மா அக்கா. ஊரில் உத்தியோகம் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் தட்டச்சுப் பழகியவர்கள். மற்ற மேசையில் பஹ்ரேனிலிருந்து கொம்பியூட்டரோடு வந்திறங்கிய தில்லைநாதன். அந்த 1990இல் தீவுப்பகுதிக்கே வந்திருந்த முதல் கொம்பியூட்டர் அது என்று அவரே சொல்லித் திரிந்தார்.

இருவரும் ஒரே ஆங்கிலப் பந்தியை அடிக்கவேண்டும். தில்லைநாதன் வென்றால் அவர் திறக்கப்போகும் கொம்பியூட்டர் வகுப்புக்குப் பிள்ளைகள் வருவார்கள். தோற்றால் மைத்துனரின் சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டவேண்டியதுதான். வேலைக்கு உடுத்திக்கொள்ள என்று மைத்துனர் முன்யோசனையாக ஒரு பழஞ்சாரத்தைத் தோய்த்தும் வைத்திருந்தார்.

ஒரேயொரு சிக்கல். தில்லைநாதனுக்குத் தட்டச்சு தெரியாது. பஹ்ரேனில் இருந்த காலமெல்லாம் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித்தேடி, கோழி கொத்துவது போலத்தான் அடித்து வந்தார்.

ஆனால் விரலைவிடத் தன் மூளை வேகமானது என்பது அவருடைய அபிப்பிராயம். கணக்குப் பார்க்கும் புரோகிராம் ஒன்றின் கட்டங்களுக்குள் அந்தப் பந்தி முழுவதையும் ஆறுதலாகக் கொத்தி வைத்திருந்தார். கூடவே ‘மக்ரோ’ என்ற கட்டளைத் தொடர் ஒன்றும் எழுதியிருந்தார். அதைத் தொடக்கிவிட்டால் போதும், யாரோ இருந்து விசைகளை அழுத்துவது போல, பக்கத்தில் திறந்திருக்கும் எழுதும் புரோகிராமுக்குள் அது ஒவ்வோர் எழுத்தாக அனுப்பும். விசைகளுக்கு மேலே விரல்களை ஆட்டுவது மட்டுமே தில்லைநாதனின் பங்கு.

ஓரிடத்தில் பிழையாக அடித்து, அழித்து, திருத்தும்படியும் மக்ரோவில் எழுதியிருந்தார். மனிதன் என்றால் பிழை விடவேண்டாமா? போட்டிக்கான பந்தியைத் தெரிவுசெய்யும் சிரமத்தையும் அவரே பெருந்தன்மையோடு ஏற்றிருந்தார்.

கொம்பியூட்டர் மேசைக்குக் கீழே ஜெனரேற்றர்காரர் யாகப்பு வயர்களுக்கிடையில் தவழ்ந்துகொண்டிருந்தார். எதிலோ கால் தடக்குப்பட்ட சத்தம் கேட்டது.

“என்னப்பா அங்கை?”

“ஒண்டுமில்லை மாஸ்டர். கறண்ட் நிக்கேல்லைத்தானே? நீங்கள் தொடங்குங்கோ.”

திரை பளிச்சென்றுதான் இருந்தது. தில்லைநாதன் துவாயால் விரல்களை ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்தார். அப்புத்துரை விசில் ஊத, மவுஸை ஒருதரம் அமத்திவிட்டுக் கைகள் இரண்டையும் தூக்கினார்.

யோகம்மா அக்காவின் மேசையில் தகரக் கூரையில் மழை பெய்வது போலச் சத்தம். தில்லைநாதனின் திரையிலோ எழுத்துகள் சத்தமில்லாமல் வரிசை வரிசையாக ஓடின.

“டேய், விரல் கண்ணுக்குத் தெரியேல்லையடா!”

“ஆள் விசையைக் குனிஞ்சும் பாக்கேல்லை. முகட்டைப் பாத்துக்கொண்டெல்லோ அடிக்கிறார்!”

திட்டமிட்ட பிழை வந்தபோது தில்லைநாதன் “ச்சா!” என்று நாக்கைக் கடித்தார். அது மக்ரோவில் இல்லாத சொந்தச் சேர்க்கை.

யாரோ சோடாவை உடைத்து நீட்டினார்கள். “இப்ப கையை விட ஏலாது!” என்று தலையாட்டினார். பாதிப் பந்தி தாண்டியதும் அவருக்கே ஓர் உருக்கம் வந்துவிட்டது. வலது சுண்டுவிரல் வலிப்பது போலவும் இருந்தது.

திரையில் கடைசி முற்றுப்புள்ளி விழுந்தபோது யோகம்மா அக்காவுக்கு இன்னும் இரண்டு வரி பாக்கி. நிலையம் அதிரக் கைதட்டல்.

யோகம்மா அக்கா எழும்பி வந்தார். “தம்பி, இவ்வளவு காலம் படிப்பிச்சும் இப்பிடியொரு கையை நான் காணேல்லை. ஒரு சத்தமுமில்லை! என்ர மருமகளையும் உம்மட்டையே விடுறன்.”

“எல்லாம் பழக்கம்தான் அக்கா” என்று தில்லைநாதன் தரையைப் பார்த்தார். அடக்கம் அவருக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

அப்புத்துரை மாலை போட்டார். பெற்றோர் பிள்ளைகளின் பெயர் கொடுக்க முண்டியடித்தார்கள். மாலையோடு நின்று தில்லைநாதன் முதல் பாடத்தை அங்கேயே தொடங்கிவிட்டார்.

“விரலில வேகம் இருந்தால் மட்டும் காணாது, பிள்ளையள். விரலுக்கும் மிசினுக்கும் இடையில ஒரு தொடர்பு இருக்கவேணும். அது விட்டுதெண்டால் ஓர் எழுத்தும் விழாது, கண்டியளோ?”

சனம் பயபக்தியோடு தலையாட்டியது. மைத்துனர்கூட ஆட்டினார்.

அப்போதுதான் மேசைக்கு அடியிலிருந்து யாகப்பு எழும்பினார். கையில் ஒரு வயரின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது.

“மாஸ்டர், நீங்கள் அடிக்கத் தொடங்க முந்தியே என்ர கால் பட்டு உங்கட கீபோட் வயர் கழண்டிட்டுது. இப்பவெண்டாலும் கொழுவி விடட்டோ?”