கணவாய்க்கு இந்தப் பக்கம்

"டேய் பூசணி, உருண்டு வந்திருந்தாக்கூட இந்நேரம் வந்து சேர்ந்திருப்பேடா!"

மேலேயிருந்து பெயின்டர் கத்தினான். பக்கத்தில் நின்ற வெல்டரும் எலக்ட்ரீஷியனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நால்வருக்கும் ஒரே பஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை. லீவு போட்டுவிட்டு மலையேற வந்திருந்தார்கள். பூசணியை ஓட்டாவிட்டால் அந்த ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் டீ உள்ளே இறங்காது. பாவி மனுஷன், அவனும் சேர்ந்துதான் சிரிப்பான்.

இன்று சிரிக்கவில்லை. காலையில் கிராமத்தைவிட்டுக் கிளம்பியதிலிருந்தே அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"என்னன்னே தெரியலைடா. நேத்தெல்லாம் நல்லாத்தானே நடந்தேன்?" முழங்காலில் கையை ஊன்றி நின்றான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நேத்து நடந்தது சமதரைடா. எருமைகூட நடக்கும்" என்றான் வெல்டர்.

கூட வந்த வழிகாட்டி வானத்தைப் பார்த்தார். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் கணவாயைத் தாண்டினால்தான் அடுத்த கிராமத்தில் போய்ப் படுக்க முடியும்.

"இவருக்கு முடியலைங்க. திருப்பி அனுப்பிடலாம்" என்றார்.

"ஐயையோ, வேண்டாங்க!" பூசணி பதறிப் போனான். "இதுக்காகவே மாசக்கணக்கா விடியக்காலையில எந்திரிச்சு நடந்திருக்கேன். கணவாயைத் தாண்டிட்டுத்தான் வருவேன்னு பொண்ணுகிட்ட பெருமையடிச்சுட்டு வேற வந்திருக்கேன். பாதியில திரும்பினா இவனுங்க என்னை ரிட்டயர் ஆகற வரைக்கும் விடமாட்டானுங்க."

"அப்போ பையையாவது என்கிட்ட குடுங்க. நான் தூக்கிட்டு வர்றேன்."

"வேண்டாம்!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வழிகாட்டி திகைத்துப் போய்ப் பார்த்தார்.

எலக்ட்ரீஷியன்தான் சமாளித்தான். "இல்லீங்க, அவங்கவங்க பையை அவங்கவங்கதான் தூக்கணும்னு பேசி வச்சுக்கிட்டு வந்தோம். என்ன மாப்ளே?"

பூசணி கட்டியிருந்தது எலக்ட்ரீஷியனின் தங்கையைத்தான். மச்சான் அப்படிக் கேட்ட பிறகு முடியாது என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்குத்தான் மனசு வரும்?

"ஆமா ஆமா, நானே தூக்கிக்கறேன்" என்று பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான் பூசணி. "நீங்க போங்கடா. பின்னாலயே வந்துடறேன்."

போனார்கள். வளைவு தாண்டியதும் பெயின்டர், பூசணி மாதிரியே கன்னத்தை உப்ப வைத்து, தள்ளாடி நடந்து காட்டினான். மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்னால் காலடிச் சத்தம் நின்று போனதை வழிகாட்டிதான் கவனித்தார்.

திரும்பி ஓடினார்கள்.

பூசணி பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பை முதுகிலேயே இருந்தது. கண் திறந்தே இருந்தது.

வழிகாட்டி பையின் பட்டைகளைக் கழற்றிவிட்டு அவனைக் கீழே படுக்க வைத்து நெஞ்சை அழுத்தினார், அழுத்தினார், தன் கை ஓயும்வரை அழுத்தினார். கடைசியில் கையை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மாப்ளே! டேய் மாப்ளே!" எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டு கதறினான். "அண்ணே, நீ கூட இருக்கேன்னுதான் அனுப்பறேன், பத்திரமா கூட்டிட்டு வந்துடுன்னு தங்கச்சி சொன்னாளே! அவ முகத்துல எப்படிடா முழிப்பேன்?"

தூறல் விழ ஆரம்பித்தது.

"மூடி வைக்கணும். இவர் பையில போர்வை இருக்கும், எடுங்க" என்றார் வழிகாட்டி.

மூவரில் ஒருவனும் அசையவில்லை. அவரே போய்ப் பையை இழுத்தார். அது நகர மறுத்தது.

"என்னங்க இது, இவ்வளவு கனமா இருக்கு?"

இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தார். போர்வையோடும் சட்டைகளோடும் மூன்று பெரிய ஆற்றுக் கற்கள் தொம் தொம்மென்று விழுந்தன.

அதில் ஒன்று, காலையில் பூசணி பல் விளக்க ஓடைக்குப் போயிருந்தபோது, சும்மா ஒரு தமாஷுக்காக, யாருக்கும் தெரியாமல் எலக்ட்ரீஷியன் வைத்தது. மற்ற இரண்டு எப்படி வந்தன என்று புரியாமல் நிமிர்ந்து பார்த்தான். வெல்டர் ஒரு கல்லையும் பெயின்டர் இன்னொரு கல்லையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.