வரிசையில் நிற்கும் பெண்

தானே புயல் ஓய்ந்த ஐந்தாம் நாள். திருப்பாதிரிப்புலியூர் டீக்கடையில், கீற்று பறந்துபோன கூரை வழியே காலை வெயில் எழிலனின் கார்ட்டூன் மேல் விழுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத கடைக்காரி சௌந்தரத்திடம் காட்டாமல் அவன் எந்தப் படத்தையும் பத்திரிகைக்கு அனுப்புவதில்லை. "தொப்பையப் பாரு, பானையாட்டம்!" படத்திலிருக்கும் அதிகாரியைக் கண்டு அவள் குலுங்கிச் சிரிக்கிறாள். அவர் முன்னால் தார்ப்பாய்க்காக நிற்கும் பெண் அவள் கண்ணில் படவேயில்லை. நேற்றுக் கடலோரத்தில் எழிலன் பார்த்த பெண் அவள். படத்தைப் பார்த்து யாராவது அவளுக்கு உதவ வேண்டும் என்பதே அவன் வேண்டுதல். அதிகாரியை அழிக்கிறான். ரப்பர் துகள்கள் வெயிலில் மினுங்குகின்றன. கைக்குழந்தைக்கு முந்தானையைக் கூரையாகப் பிடித்தபடி அந்தப் பெண் மட்டும் வெறும் தாளில் நிற்கிறாள். சௌந்தரம் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பால் பொங்கி வழிகிறது. "கடைக்கு வாங்கின தார்ப்பாய் உள்ள இருக்குது தம்பி. மொதல்ல இவளுக்குக் குடுத்துட்டு வா."