சுவரேறிய டைகள்

அலமாரியை ஒட்டிய சுவரில் கொக்கிப் பலகையைத் திருகாணியால் முடுக்கிவிட்டு பைரோஸ் நாற்காலியிலிருந்து இறங்குகிறான். ஜன்னல் வெயிலில் சுண்ணாம்புத் தூள் மிதக்கிறது. அவன் மனைவி நாஜியா, சிக்கிக் கிடந்த பாசிமணி மாலைகளைப் பிரித்து ஒவ்வொன்றாக மாட்டுகிறாள். அவன் பெல்ட்டுகளைத் தொங்கவிடுகிறான். பிறகு, சார்ஜா ஓட்டலில் வேலைக்குக் கட்டும் டைகளை எடுக்கிறான். விடுப்பு முடிந்தால் முதலில் பெட்டிக்குள் போவது அவைதான். “டையை ஏன் மச்சான் இங்கிட்டு மாட்டுறீங்க? வெள்ளிக்கிழமை பயணமாச்சே.” பைரோஸ் திரும்பாமலே சொல்கிறான்: “போகலை. புதுக்கோட்டையிலயே ஒரு ஓட்டல்ல வேலை கெடைச்சிருச்சு. இப்பத்தான் போன்ல சொன்னாங்க. இனி தெனமும் இங்கிட்டிருந்துதான் கட்டிக்கிட்டுப் போகணும்.” வளையல் சத்தம் நின்றுபோகிறது. நாஜியா அவன் கையிலிருந்த நீல டையை வாங்கி, மடிப்புச் சுருக்கம் போக உள்ளங்கையால் நீவுகிறாள். சுருக்கம் போன பிறகும் நீவிக்கொண்டே இருக்கிறாள்.