நட்டஈட்டு வரிசையில்

கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுவோம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லியனுப்பியதும் மஹ்மூதாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகளின் முகம் வெந்த கதை மாப்பிள்ளையின் ஊரான ஆலங்குடாவுக்கு எட்டிவிட்டது.

"என்ன காரணமாம் உம்மா?" என்று கேட்டாள் ஸஹ்னா.

"இப்ப சொல்ல ஏலாதாம். சொல்றதுக்கு என்ன இருக்கு? உன்ட முகத்துலதான் எழுதியிருக்கே."

வாய் தவறி வந்த பிறகுதான் மஹ்மூதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஸஹ்னா முக்காட்டைக் கன்னம்வரை இழுத்துவிட்டாள்.

அந்த வெள்ளையாக்கும் கிறீமை வாங்கிக் கொடுத்ததே மஹ்மூதாதான். கலியாணப் பேச்சு முடிவான கையோடு, குறிஞ்சிப்பிட்டிச் சொந்தக்காரி ஒருத்தி பெண் கொஞ்சம் நிறம் மட்டு என்று சொல்லிவிட்டுப் போனாள். பொறுக்கமாட்டாமல் இவள் புத்தளம் டவுனுக்கே போய் வாங்கி வந்தாள். முதலில் முகம் பளிச்சென்று வெளுத்தது. பிறகு சிவந்தது, கொப்பளித்தது. கடைசியில் இரண்டு கன்னத்திலும் கரும்படை விழுந்துவிட்டது. கிறீமில் பாதரசம் கலந்திருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டொக்டர்.

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் இப்படி வெந்த முகங்கள் நிறைய இருந்தன. புத்தளத்தில் ஒரு பெண் சட்டத்தரணி அத்தனை பேரையும் சேர்த்து ஒரே வழக்காகப் போட்டார். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் கிறீம் கொம்பனி இணக்கத்துக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் புத்தளத்தில் ஒரு மண்டபத்துக்கு நேரில் வந்து தோல் டொக்டரிடம் முகத்தைக் காட்ட வேண்டும். உண்மை என்று தெரிந்தால் வைத்தியச் செலவும் கிடைக்கும், நட்டஈடும் கிடைக்கும்.

கலியாணமாகாத குமர்ப்பிள்ளையின் முகத்தை ஊரறியக் காட்டுவதா என்று அதுவரை மறுத்துக்கொண்டிருந்தவள் மஹ்மூதா. கலியாணம் தள்ளிப்போனதும் அவளே மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நுரைச்சோலை தாண்டும் வரைக்கும் மாப்பிள்ளை வீட்டைத் திட்டித் தீர்த்தாள். இந்தச் சம்பந்தம் வந்தபோது அவளுடைய ஆட்கள் எத்தனை குறை சொன்னார்கள். யுத்தத்தில் விரட்டப்பட்டு மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பம் என்றார்கள். யுத்தம் முடிந்து ஆலங்குடாவில் ஹோட்டல்கள் வந்த பிறகு, வெள்ளைக்காரருக்குப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கப் பழக்குகிறானே மாப்பிள்ளை அர்கம், அதெல்லாம் ஒரு தொழிலா என்றார்கள். பையன் நல்லவன் என்று எல்லோரிடமும் வாதாடியவள் இவள். அப்படிப்பட்டவளின் மகளுக்குத்தான் இன்றைக்கு முகம் சரியில்லை என்கிறார்கள்.

"நட்டஈட்டுக் காசு வரட்டும். கொழும்புல காட்டிச் சுகமாக்குவன். பொறகு அவங்க காலுல விழுந்தாலும் குடுக்கமாட்டன்."

"அவர் அப்படிப்பட்டவர் இல்ல உம்மா. முகம் இப்படியானதும் நான்தான் முதல்ல கதைக்காம விட்டன்."

"நீ விட்டா அவன் தேடி வரோணும்தானே?"

புத்தளத்தில் பஸ் நின்றதும் ஸஹ்னா முதல் ஆளாக இறங்கினாள்.

மண்டபம் நிறையப் பெண்கள். எல்லோரும் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு, ஒருவரையொருவர் பாராமல் கதிரைகளில் இருந்தார்கள். மஹ்மூதா இடம் தேடிக் கண்ணை ஓட்டினாள். கடைசி வரிசையில் அர்கமின் தாய் றிஸானா இருப்பது தெரிந்தது. அவளுடைய முகத்தில் ஒரு மறு இல்லை.

மஹ்மூதாவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே போய் அவள் முன்னால் நின்றாள். ஸஹ்னாவின் முக்காட்டை விலக்கினாள்.

"முகம் எவ்வளவு கெட்டிருக்கு எண்டு பார்க்கத்தானே வந்தீங்க? வடிவாப் பாருங்க."

றிஸானா பதறிப்போய் எழும்பினாள். ஸஹ்னாவின் கன்னத்தைத் தொட வந்த கை பாதியில் நின்றுவிட்டது.

"வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணை, பிள்ளைக்கு இப்படி எண்டு இப்பதான் தெரியும் ராத்தா. எங்களுக்கு ஆருமே சொல்லல்ல."

"அப்ப ஏன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டீங்க?"

றிஸானா வாயைத் திறக்கு முன்னர், டொக்டரின் அறைக்கு வெளியே நின்ற தாதி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அர்கம்.

றிஸானாவுக்குப் பக்கத்தில், தொப்பியை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தவன் எழும்பித் திரும்பினான். இரண்டு கன்னத்திலும் அதே கரும்படை.

"சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கிட்டான் ராத்தா," என்றாள் றிஸானா. "முகம் சுகமாகாம உங்கட மகளுக்கு முன்னால நிக்கமாட்டானாம். நான் என்ன செய்ய?"

மஹ்மூதா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். பஸ்ஸில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவனைப் பார்க்கவும் முடியவில்லை, மகளைப் பார்க்கவும் முடியவில்லை.

ஸஹ்னாதான் பேசினாள்.

"நீங்க ஏன் இதைப் பூசினீங்க?"

அர்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் நாள் முழுக்க வெயில்ல, கடல்ல நிக்கிறவன். போன்ல நீங்க அனுப்பின படத்துல அவ்வளவு வெள்ளையா இருந்தீங்க. கலியாணத்தண்டைக்கு பக்கத்துல நிண்டா ஆக்கள் உங்களப் பார்த்துச் சிரிப்பாங்க எண்டு பயந்துட்டன்."

ஸஹ்னாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. முக்காடு நழுவியதை அவள் சரிசெய்யவில்லை.

"அந்தப் படம், உம்மா வாங்கித் தந்த இந்தக் கிறீமப் பூசிப்போட்டு எடுத்தது."