மழுங்கிய விளிம்பு

"அறிவிருக்காய்யா உனக்கு?"

காப்பாட்சியர் போட்ட சத்தம் அருங்காட்சியகத்தின் மூன்று கூடத்துக்கும் கேட்டது. அவர் முன்னால், மேஜையில், தேங்காய்ப் பருமனில் கன்னங்கரேலென்று எரிமலைக் கண்ணாடி.

"எரிமலைக் குழம்பு சட்டுனு ஆறி உறைஞ்சதுய்யா இது. உடைஞ்ச விளிம்புதான் இதுக்கு அழகே. வெளிச்சத்துல பிடிச்சா தேன் நிறத்துல தெரியும். அதைப் போய் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கியே!"

கூட்டிப் பெருக்குகிறவர் தலையைக் குனிந்துகொண்டார். மௌனச்சாமி என்று ஊழியர்கள் பட்டப்பெயர் வைத்தது சும்மா இல்லை.

"யாரைக் கேட்டுத் தேய்ச்சே?"

"யாரையும் கேக்கல சார்."

"ஏன் தேய்ச்சே?"

அவர் கையைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். கை விரல்களில் மூன்று கட்டு.

"கையையும் கிழிச்சுக்கிட்டியா? நல்லா வேணும்! நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"இந்த வயசுல வேற எங்க சார் போவேன்?"

"கல்லைக் கெடுக்கறதுக்கு முன்னாடி அதை யோசிச்சிருக்கணும்."

பதினெட்டு வருஷம் பெருக்கிய துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் போனார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் காப்பாட்சியருக்கு ஆறவில்லை. 'தொட்டுப் பாருங்கள்' என்று அவரே பலகை எழுதி வைத்த மேஜை அது. பத்திரிகையில் படமெல்லாம் வந்தது.

கெட்டுப்போன கல்லைப் பூட்டி வைத்து என்ன லாபம்? மேஜையிலேயே விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் பார்வையற்றோர் பள்ளி ஆசிரியை ஐந்தாறு மாணவிகளோடு வந்தார். ஒருத்தி தடவித் தடவி அந்தக் கல்லையே தேடிப் பிடித்தாள். விளிம்பு முழுக்க ஆள்காட்டி விரலை ஓட்டினாள்.

"டீச்சர், வெட்டலை! சொன்ன மாதிரியே பண்ணிட்டார்!"

"போன மாசம் இதுல இவ விரல் கிழிஞ்சிடுச்சு சார்," என்றார் ஆசிரியை. "புள்ளியெழுத்தைத் தடவிப் படிக்கிற விரல். பரீட்சைக்கே படிக்க முடியலை. பெருக்கறாரே, அவர்தான் ஓடிவந்து கட்டுப் போட்டார்."

காப்பாட்சியரின் முகம் வெளுத்தது. "எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"அவர்தான் வேண்டாம்னார். தெரிஞ்சா நீங்க கல்லைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிடுவீங்களாம். அப்புறம் இந்தப் பிள்ளைங்க எதைப் பார்க்கும்னு கேட்டார்."

காப்பாட்சியர் அந்த விளிம்பில் தன் விரலை ஓட்டிப் பார்த்தார்.

மாணவி காதைத் தீட்டிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

"பெருக்குற சத்தமே கேக்கலையே சார்... இன்னிக்கு அவர் வரலையா?"