சட்டிக்குக் காது

“ஸ்ஸ்… மெதுவாப் பேசுங்க. சட்டிக்குக் காது இருக்கு!” சூசைரட்ணம் வாயைப் பொத்திக் காட்டினான்.

தேயிலை நிறுக்கிற கொழுந்து மடுவத்தில் குந்தியிருந்த நாலு பேரும் மேட்டைப் பார்த்தார்கள். தோட்டத்துத் துரையின் பங்களா முற்றத்தில், அந்த டிவி சட்டி பத்தடி அகலத்துக்கு வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. அது வந்து மூன்று மாதம் ஆகிறது.

ஒழுகுகிற லயத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வியாகுலம்தான் ஆள் சேர்த்தான். ஆனால் என்ன செய்ய? இவர்கள் ஒரு தேதி குறித்தால், அன்றைக்குக் காலையிலேயே துரை லொறியில் வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

போன மாதம் பொன்னையா, “நான் முன்னால நிக்கிறேன்”னு சொன்னான். மறுநாளே, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் அவன் பேரை வெட்டிவிட்டார்கள். அஞ்சு பிள்ளைக்காரன், பாவி மனுஷன், இப்போது றொசல்ல ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறான்.

“நம்மள்லயே எவனோ ஒருத்தன்தான்…” என்று அப்போதே வியாகுலம் பல்லைக் கடித்தான்.

“சேச்சே! நம்ம ஆளுங்கள அப்படிச் சொல்லாத மச்சான். எல்லாம் அந்தச் சட்டிதான், இங்க பேசுறத அங்க இழுத்துக்குடுக்குது” என்று கண்டுபிடித்துச் சொன்னவன் சூசைரட்ணம். வியாகுலத்தின் பெண்டாட்டி பவுலினுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவன் சொன்னால் வியாகுலத்துக்கு வேதவாக்கு.

அன்றிலிருந்து யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. எதுவானாலும் சூசைரட்ணத்தின் காதில் குசுகுசுக்க வேண்டும். அவன் மற்றவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பான்.

“சரி, நாளைக்குத் தேதி சொல்றேன். இந்தத் தடவை விட்டா நம்ம எல்லார் பேரையும் வெட்டிருவாங்க” என்று சைகையும் முணுமுணுப்புமாகச் சொல்லிவிட்டு வியாகுலம் எழுந்தான்.

மறுநாள் சனிக்கிழமை காலை. அட்டனிலிருந்து ஒரு மெக்கானிக் பெரிய அட்டைப்பெட்டியோடு பங்களாவுக்கு வந்தான். ஏணி பிடிக்க வியாகுலத்தைக் கூப்பிட்டார்கள்.

“இது எதைப் பாத்துக்கிட்டு நிக்குதுங்க?” வியாகுலம் பயந்து பயந்துதான் கேட்டான்.

“மேல செய்மதி நிக்குது அண்ணே. பூமி சுத்துற வேகத்துக்கே அதுவும் சுத்துறதால, எப்பவும் ஒரே எடத்துல நிக்கிற மாதிரி இருக்கும். அதுதான் படம் அனுப்புது.” மெக்கானிக் கம்பியை முடுக்கிவிட்டு, “இப்பப் போடுங்க!” என்று கத்தினான்.

பங்களாவுக்குள் துரைசாணி சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினாள். “ஐயோ, மூணு மாசத்துல இப்பத்தான் மொத மொதல்ல படம் வந்திருக்கு!”

வியாகுலம் ஏணியைப் பிடித்தபடியே நின்றான். கீழே இறங்கிய மெக்கானிக் மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் கையை எடுத்தான்.

பின்னேரம் கொழுந்து மடுவத்தில் எல்லோரும் கூடினார்கள். பொன்னையாவும் றொசல்லயிலிருந்து வந்திருந்தான். சூசைரட்ணம் வழக்கம்போலப் பக்கத்தில் நகர்ந்து, காதை நீட்டினான்.

“சொல்லு மச்சான். எந்தத் தேதி?”

வியாகுலத்தின் கண் கலங்கிச் சிவந்திருந்தது. குனிந்து அந்தக் காதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, பொன்னையாவுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னான்.

“சட்டிக்குக் கரண்டு குடுத்ததே இன்னைக்குக் காலையிலதான் மச்சான்!”