கும்பளங்கியின் பதில்

“வா வான்னு கூப்பிடுது, போனா ஒண்ணுமில்லை. எந்தா, கிண்டலா?” ரஹீனா திரையைப் பார்த்துத் திட்டினாள்.

மட்டாஞ்சேரி இறால் ஏற்றுமதி ஆபீஸில் அவள் எழுதிய ஸ்கிரிப்ட், எஸ்.எஸ்.எச். வழியாகக் கும்பளங்கி கோல்டு ஸ்டோரேஜின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, உள்ளே எவ்வளவு குளிர் என்று கேட்கும். வருகிற அவுட்புட்டைப் படித்து இங்கே பெரிய திரையில் காட்டும்.

காலை முழுக்க மைனஸ் பதினெட்டு என்று ஒழுங்காகச் சொன்ன கும்பளங்கி, பக்கத்து ஹோட்டலில் பிரியாணி தம் உடைக்கிற நேரமாகப் பார்த்து, எண்ணுக்குப் பதில் பி, ஓ, ஆர், யு என்று நாலு ஆங்கில எழுத்தை அனுப்பியது.

மலையாளத்தில் படித்த ரஹீனாவுக்கு அது ‘போரூ’. வாருங்கள் என்று அர்த்தம். அந்தச் சொல் வந்தால் உடனே அடுத்த வரிக்குப் போ என்று ஸ்கிரிப்டில் சேர்த்தாள். அடுத்த வரி காலி. திரை சிவந்தது.

“மத்தியானம் ஊணு கழிச்சதும் இறால் வாங்குற பார்ட்டி வரும் கேட்டோ,” என்றார் முதலாளி அனில். “இது ஓடிச்சுன்னா நீ பெர்மனென்ட். இல்லேன்னா வீட்டுல ஷாபாஸுக்கு மீன் பொரிச்சுக் கொடுத்துட்டு இரு.”

கேட்டால் பதில் சொல்கிற ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்றுதான் இந்த வேலையில் அவளுக்கு அத்தனை பிரியம். புருஷன் ஷாபாஸிடம் எதைக் கேட்டாலும் ‘ம்’ மட்டும்தான் அவுட்புட். அதை எந்த ஸ்கிரிப்டாலும் பிரித்துப் படிக்க முடியாது.

கும்பளங்கியில் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் சாத்தூர்க்காரன் மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டாள். “மாரி, உன் மெஷின் எதுக்கு என்னைக் கூப்பிடுது?”

“யாருக்கா கூப்பிட்டா? அது பொறு. செத்த நேரம் பொறுன்னு அர்த்தம். நீங்களும் தமிழ்தான?”

“பேசுறதுதானடா தமிழ். படிச்சதெல்லாம் மலையாளமல்லே!”

புரோகிராமுக்குள் இப்படியெல்லாம் குசும்பு வைக்கிறானே என்று சிரித்துக்கொண்டே, ‘பொறு’ வந்தால் எண் வரும்வரை காத்திரு என்று மாற்றி எழுதினாள்.

பார்ட்டி வந்தது. திரையில் முதலில் அந்த நாலு எழுத்து. ஸ்கிரிப்ட் பொறுத்தது. ரஹீனாவும் பொறுத்தாள். பிறகு பச்சையில் மைனஸ் பதினெட்டு.

“ஒரு மனுஷன் கை படலை, எல்லாம் தன்னால!” அனில் மேசையைத் தட்டினார். “ராத்திரி பூரா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடட்டும். காலையில உனக்கு பெர்மனென்ட் ஆர்டர்.”

ரஹீனா மறுபடி போன் போட்டாள். “ஜெயிச்சோம் மாரி! இன்னைக்கு விடிய விடிய ஓடணும். நீ போய் நிம்மதியா உறங்கு.”



“அக்கா... சென்சார் போன மழையிலேயே செத்துப்போச்சு. சுவத்துல தொங்குற தெர்மாமீட்டரைப் பார்த்து நான்தான் டைப் பண்றேன்.”

“அப்போ அந்த ‘பொறு’?”

“சோறு திங்கப் போறப்ப போட்டு வச்சேன். விடிய விடிய முழிச்சுக் கிடக்க நான் என்ன மெஷினாக்கா?”